உடுத்தும் செபம்

நம்பரைப் போட்டுட்டேன். முழங்கால் போட்டுத் தலையைக் குனிஞ்ச பிறகுதான் ஞாபகம் வருது. பெலிசிட்டாவோட சுடிதார்ல, பின்கழுத்துக்கு உள்பக்கம், சிவப்பு நூல்ல முப்பத்தேழுன்னு போட்டுட்டேன். யோசிச்சுப் போடல, கை தன்னால போட்டிருக்கு. இந்த மடத்துல எந்தத் துணி தைச்சாலும் கடைசி வேலை அதுதான். அங்கி, முக்காடு, உள்பாவாடை, துண்டு, தலையணை உறை, எல்லாத்துலயும் அவங்கவங்க நம்பர் இருக்கணும். இல்லேன்னா சலவைக்கூடையில கிடக்கிற அத்தனை வெள்ளைத் துணியில எது எந்த சிஸ்டரோடதுன்னு யார் கண்டுபிடிக்கிறது. கன்னியர் மடத்துக்குள்ள காலெடுத்து வைக்கிற அன்னைக்கு நம்பர் குடுப்பாங்க, செத்தா அதே நம்பர் போட்ட அங்கியோட பெட்டிக்குள்ள படுக்க வைப்பாங்க, அதுக்கப்புறம் அந்த நம்பர் புதுசா வர்ற பிள்ளைக்குப் போயிரும். என்னோடது முப்பத்தெட்டு. ஒரே நாள்ல வந்தோம், கேட்டுல அவ எனக்கு முன்னாடி நுழைஞ்சா, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அந்தச் சுடிதார் சலவைக்கூடைக்கு வரப்போறதில்ல. நாளைக்குக் காலைல நாங்க எல்லாரும் பூசையில இருக்கும்போது பெலிசி அதைப் போட்டுக்கிட்டு பக்கத்துக் கேட் வழியா வெளியே போயிருவா. மடத்தை விட்டே போறா. துறவறத்தை விட்டே போறா. அப்படிப் போறவ கழுத்துல மடத்து நம்பரைத் தைச்சு அனுப்புற கூறுகெட்டவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ரெண்டு பெஞ்சு முன்னாடி இருக்கா. வெள்ளை முக்காடு, வெள்ளை அங்கி, இங்க இருக்கிற எல்லா முதுகும் ஒரே முதுகுதான், ஆனா அவ முதுகு எனக்குத் தெரியும். வலது தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும், அது வெளிய தெரியாத மாதிரி அந்தப் பக்கத் தோள்தையலை ஏத்தி வச்சுத் தைப்பேன், எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச சங்கதி அது. பீடத்துல நற்கருணை வச்சிருக்கு, சுத்தி மெழுகுதிரி, சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கல. முதல் வெள்ளிக்கிழமை சாயங்கால ஆராதனை. ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம ஆண்டவரைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். நான் முதுகைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். பின்னால வயசான சிஸ்டர் வெரோனிக்கா ஆரம்பிச்சாச்சு, முதல்ல பெருமூச்சு, அப்புறம் லேசா விசில், அப்புறம் கையிலிருந்து செபமாலை நழுவி பெஞ்சுல டொக்குன்னு விழும், முழிச்சுக்கிட்டு எங்களை முறைப்பாங்க, நாங்க போட்ட மாதிரி. எந்த வெள்ளிக்கிழமையா இருந்தாலும் அந்த டொக்குக்கு பெலிசி தோள் குலுங்கும். சிரிப்பை அடக்க வராது அவளுக்கு. பயிற்சிக் காலத்துல, நவதுறவகத்துல, இதுக்காகவே எங்க ரெண்டு பேரையும் பிரிச்சு உட்கார வச்சாங்க, பிரிச்சு வச்சா இன்னும் சிரிப்பு வருதுன்னு திரும்பச் சேர்த்து வச்சாங்க. இப்போ செபமாலை விழுந்திருச்சு. அவ தோள் அசையல. நான் மட்டும் உதட்டைக் கடிச்சேன், அது சிரிப்புக்கு இல்ல.

ஆராதனை முடிஞ்சதும் டெய்லரிங் ரூமுக்கு வருவா. மதர் கான்சலட்டா அனுமதி குடுத்திருக்காங்க. "ஒருதரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க சிஸ்டர் ஜெசிந்தா, அளவு சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க"ன்னாங்க. அந்த 'மட்டும்' எதுக்குன்னு எனக்குத் தெரியும், மதருக்கும் தெரியும். போறவங்களை வழியனுப்புற வழக்கம் எங்க சபையில கிடையாது. யாரும் கட்டிப்பிடிக்கிறதில்ல, ஏன்னு கேக்கிறதில்ல, போனதுக்கப்புறம் பேரைச் சொல்றதும் இல்ல. கட்டில் மேல அங்கியை மடிச்சு வச்சுட்டுப் போயிருவாங்க, சாயங்காலத்துக்குள்ள மெத்தை உறையை மாத்தியிருப்பாங்க. கொடுமைன்னு சொல்ல மாட்டேன், மதர் கொடுமைக்காரி இல்ல. நாங்க அழ ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாதுன்னு பயப்படுறாங்க. சரி, அந்த ரூம்ல நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கப்போறது அளவு பார்க்கிற நேரம்தான். அதுல நான் என்ன சொல்லப்போறேன். போகாதடின்னு சொல்றதா? அது முடிஞ்ச கதை, ரோமாபுரியிலிருந்து துறவற வார்த்தைப்பாட்டுலேருந்து விடுதலைன்னு காகிதமே வந்தாச்சு. நல்லா இருன்னு சொல்றதா? பஸ் ஏத்திவிட வந்த பக்கத்து வீட்டுக்காரி சொல்ற மாதிரி இருக்கும். என்னையும் கூட்டிட்டுப் போன்னு மட்டும் சொல்லிரக்கூடாது. அந்த வார்த்தை எங்கிட்ட இருக்குன்னே இப்பத்தான் தெரியுது, ஆண்டவருக்கு முன்னால முழங்கால் போட்டுக்கிட்டு.

எல்லாம் அந்த அங்கியால வந்தது. இல்ல, அங்கியால வரல, அங்கி நேரத்துல வந்தது. சபைக்கு நூறு வருஷம் ஆகுதுன்னு மதர் என்னைக் கூப்பிட்டு, புது அங்கி ஒண்ணு வரைங்க, ஒவ்வொரு துணிக்கும் உடுத்தும் செபமும் நீங்களே எழுதுங்கன்னாங்க. காலைல எழுந்து ஒவ்வொரு துணியா போடும்போது ஒவ்வொரு செபம் சொல்லுவோம் நாங்க, அங்கிக்கு ஒண்ணு, இடைக்கச்சைக்கு ஒண்ணு, முக்காட்டுக்கு ஒண்ணு. பழைய செபமெல்லாம் பிரெஞ்சுல இருந்து யாரோ ஒரு சாமியார் தமிழாக்கினது. பாதித் தூக்கத்துல சொல்ற வாய்க்குள்ள அந்தத் தமிழ் நுழையவே நுழையாது. பழைய அங்கியும் அப்படித்தான், குளிர் தேசத்துக்கு வெட்டினது, திண்டுக்கல் வெயில்ல கழுத்தைச் சுத்தி வேர்க்குரு மாலை போட்டிருக்கும். என்னைக் கோயமுத்தூர்ல ஃபேஷன் டிசைன் படிக்க அனுப்பினதே டெய்லரிங் ஸ்கூல் நடத்துறதுக்காகத்தான். வகுப்புல பிள்ளைங்க "சிஸ்டர், ஷோவுல நீங்களும் நடப்பீங்களா"ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிக்கும், நானும் சிரிப்பேன், ஆனா ராத்திரி அங்கியைக் கழட்டும்போது அதோட வெட்டைப் பார்ப்பேன், இந்தக் கையை இப்படி வெட்டியிருந்தா பாத்திரம் கழுவ எவ்வளவு சுலபமா இருக்கும்னு. அதனால மதர் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியல. வரைஞ்சேன், எழுதினேன், ரெண்டும் ஒரே வேலையாத்தான் தெரிஞ்சது. கையை வெட்டும்போதே கைக்குச் செபம் வந்தது. 'ஆண்டவரே, இந்தக் கைக்கு இன்னைக்கு ஒரு வேலை குடு, யாரும் பார்க்காத வேலையா குடு.' பக்கத்துல ஒரு பாக்கெட் வச்சேன், நூறு வருஷத்துல முதல் பாக்கெட், அதுக்கும் எழுதினேன். அளவு பார்க்க ஒரு பொம்மை வாங்கித் தாங்கன்னு கேட்டதுக்கு மதர், "உயிரோட இத்தனை பேர் இருக்கீங்க, பொம்மை எதுக்கு"ன்னுட்டாங்க. பெலிசிதான் வந்து நின்னா. பாடம் எடுத்துட்டு ஸ்கூல் விட்டு வந்ததும் நேரா டெய்லரிங் ரூம், ஸ்டூல் மேல ஏறி நிப்பா, நான் அவ மேல துணியைப் போட்டுக் குண்டூசி குத்துவேன், குத்திக்கிட்டே எழுதினதை வாசிப்பேன். கச்சைக்கு எழுதினதை வாசிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. 'என்னைக் கட்டு ஆண்டவரே, ஆனா இறுக்காதே, நான் ஓடிப்போற ஆள் இல்ல.' எதை வாசிச்சாலும் ஏதாச்சும் சொல்லுவா, இது நல்லாருக்கு ஜெசி, இது கொஞ்சம் பிரசங்கம் மாதிரி இருக்கு ஜெசின்னு. கச்சைக்கு ஒண்ணுமே சொல்லல. ஸ்டூல் மேல நின்னு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தா. நான்தான் மக்கு, வெயிட்டா எழுதிட்டோம் போலன்னு சந்தோஷப்பட்டேன்.

சொன்னதும் அந்த ஸ்டூல் மேலதான். அங்கியோட கைக்குழியில குண்டூசி குத்திக்கிட்டு இருந்தேன், அசையாதடின்னேன். "அசையல. ஜெசி, நான் போறேன்ட்டி"ன்னா. ரூமுக்குப் போறாளாக்கும்னு, இன்னும் ஒரு ஊசிதான் இருன்னேன். அப்புறம் அவ கீழ குனிஞ்சு என்னைப் பார்த்தா, அந்த முகத்தைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. என்ன காரணம்னு கேட்டேன். தூத்துக்குடிக்காரி, எதையும் சுத்தி வளைச்சுப் பேச மாட்டா. "செபம் பண்ண உட்கார்ந்தா, ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுத மாதிரி இருக்குட்டி. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருசக்கணக்கா. தட்டித் தட்டிக் கை ஓஞ்சு போச்சு. இனி தட்டுத மாதிரி நடிச்சிட்டு நிக்க என்னால ஆகாது." அவ்வளவுதான். அவ போறது தெரிஞ்சு மடத்துல என்னென்னமோ பேசுறாங்க, யாராச்சும் ஆம்பிளை இருப்பான், அண்ணன் சொத்துல பங்கு வந்திருக்கும், ஸ்கூல்ல தலைமை கிடைக்காத கோபம், அப்படி இப்படின்னு. சாப்பாட்டு மேசையில எனக்குக் கேக்கிற மாதிரியே பேசுறாங்க. ஆம்பிளை இருந்தா எவ்வளவோ தேவலையே, நானே நேர்ல போய் அவனைத் திட்டிட்டு வந்திருப்பேன். யாரும் இல்லேங்கிறதுதானே அவ சொன்ன காரணமே. அதை எப்படிப் போய்த் திட்டுறது.

என் கதவைப் பத்தி நான் அவகிட்ட சொல்லல. சொல்லியிருக்கலாம். எனக்கும் உள்ளேயிருந்து சத்தம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆனா எனக்கு அது பெருசாத் தெரியல, ஏன்னா நான் தட்டும்போது பக்கத்துல இன்னொரு கை தட்டுற சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தது. ரெண்டு பேர் ஒரு வீட்டு வாசல்ல நின்னா, உள்ள ஆள் இல்லேன்னாலும் பேசிக்கிட்டு நிக்கலாம்ல. நான் வேண்டிக்கிட்டதெல்லாம் ஆண்டவருக்குக் கேட்டுச்சோ இல்லையோ, எல்லாத்தையும் பெலிசிக்கு வாசிச்சுக் காட்டியிருக்கேன். செபம் எழுதினேன் எழுதினேன்னு பெருமைப்பட்டேனே, யாருக்கு எழுதினேன். ஐயோ, இதை இங்க உட்கார்ந்து நினைக்கக்கூடாது. நற்கருணை முன்னால நினைக்கக்கூடாது. நினைச்சாச்சு. மெழுகுதிரி அப்படியேதான் எரியுது. இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் நினைச்சுத் தொலைச்சிர்றேன். அந்தப் புது அங்கிக்கு அடிப்படைப் பேட்டர்ன் வெட்டினது அவ உடம்பு அளவுல. பழுப்புத் தாள்ல வரைஞ்சு சுவர்ல மாட்டியிருக்கு. அதைக் கூட்டிக் குறைச்சுத்தான் மத்தவங்களுக்கெல்லாம் வெட்டணும். நூறாம் வருஷப் பூசைக்கு எல்லாரும் புது அங்கி போட்டு வரிசையா நடந்து வரும்போது, போனவளோட தோள், போனவளோட இடுப்பு, போனவளோட கை நீளம்தான் நடந்து வரும். பேரைச் சொல்லக்கூடாது, ஆனா அவளைத்தான் போட்டுக்கிட்டு இருக்கணும். மதருக்கு இது தோணல. நான் சொல்லப்போறதும் இல்ல. முக்காட்டுக்கு மட்டும் இன்னும் செபம் எழுதல, எத்தனையோ தரம் உட்கார்ந்துட்டேன், வரல.

சுடிதாருக்குத் துணி எடுக்கப் போனது அதைவிடப் பாடு. மதர்தான், கடைக்குப் போய் ஏதாச்சும் அடக்கமா எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பினாங்க. கடைக்காரப் பொண்ணு, யாருக்கு சிஸ்டர்னு கேட்டுச்சு. ஒரு ஃபிரெண்டுக்குன்னேன். அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேட்டுச்சு. தெரியல எனக்கு. அவளுக்குக் காப்பியில எவ்வளவு சீனின்னு தெரியும், எந்தப் பல்லுல கூச்சம்னு தெரியும், பயந்தா எந்தக் காதைத் தடவுவான்னு தெரியும், கலர் தெரியல. வந்த அன்னைக்கு என்ன போட்டிருந்தான்னு ஞாபகம் இல்ல, அதுக்கப்புறம் வெள்ளையைத் தவிர வேற எதுலயும் நான் அவளைப் பார்த்ததில்ல, அவளும் என்னைப் பார்த்ததில்ல. இத்தனை வருஷ சிநேகிதத்துல ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்காத ஒரு கேள்வி இருந்திருக்கு பாரு, சின்னப் பிள்ளைங்க முதல் நாளே கேட்டுக்கிற கேள்வி. கடைசியில நாவல்பழக் கலர்ல ஒண்ணு எடுத்தேன். ஏன் அதுன்னு எனக்கே தெரியல. வழியெல்லாம், இது அவளுக்குப் பிடிக்காம போச்சுன்னா இதைத் தவிர வேற இல்லியே, பஸ்ஸுல, ஊருல, அம்மா முன்னால இதைப் போட்டுக்கிட்டுத்தானே நிக்கணும்னு அதே நினைப்பு. அந்த நினைப்போடதான் உட்கார்ந்து தைச்சேன், வலது தோளை ஏத்தி வச்சேன், பாக்கெட் வச்சேன், கடைசியா கழுத்தைத் திருப்பி முப்பத்தேழு போட்டேன்.

பிரிச்சிரலாம். நூல் பிரிக்கிற கத்தி மேசை மேலதான் கிடக்கு, அவ வர்றதுக்குள்ள ஓடிப்போய்ப் பிரிச்சா அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாம இருக்கிறதுதான் நல்லது. இல்ல, பிரிக்காம விட்டுட்டா. சொல்லாம விட்டுட்டா. ஊர்ல ஒரு நாள் துவைக்கும்போது திருப்பிப் பார்ப்பா, பார்த்ததும் என்னை நினைப்பா. அது எனக்கு வேணும், நினைக்கணும் அவ, அதுல என்ன தப்பு. அடி போடி, உனக்கு வேணுங்கிறதுக்காக அவ கழுத்துல மடத்தைக் கட்டி விடுவியா. சொல்லிரணும். சொல்லிட்டு, இருக்கட்டுமான்னு கேக்கணும். இருக்கட்டும் ஜெசின்னு அவ சொல்லணும். அதை அவ வாயால கேட்டா போதும், அதுக்கப்புறம் கதவுக்குப் பின்னால ஆள் இருந்தாலும் இல்லாட்டாலும் நான் இங்கயே கிடந்துருவேன். ஆண்டவரே, இது ஒண்ணுதான் கேக்கிறேன். இந்த ஒரு மணி நேரத்துல நான் கேட்ட ஒரே செபம் இதுதான், இதுகூடத் துணியைப் பத்தினதாத்தான் இருக்கு. மணி அடிக்கிறாங்க. சாமியார் எழுந்துட்டார், ஆசீர் குடுக்கப் போறார். எல்லா முதுகும் ஒண்ணாக் குனியுது, அவ முதுகும் குனியுது, கடைசித் தடவை. நான் குனிய மறந்து பார்த்துக்கிட்டே இருந்தேன், பக்கத்து சிஸ்டர் முழங்கையால இடிச்சாங்க.

டெய்லரிங் ரூம்ல பெலிசி திரைக்குப் பின்னால போய் மாத்திக்கிட்டு வந்தா. டியூப்லைட் வெளிச்சத்துல ஒரு ஸ்கூல் டீச்சர் நிக்கிற மாதிரி இருந்தது, நெத்தியில முக்காடு மறைச்ச இடம் மட்டும் வெளுத்து, கட்டையா வெட்டின முடி, அதுல நரை. நான் வாயில நாலஞ்சு குண்டூசியைக் கவ்விக்கிட்டேன், பேசாம இருக்க அது வசதி. அவ கையைத் தூக்கிப் பார்த்தா, இறக்கிப் பார்த்தா, பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுப் பார்த்தா. "சரியா இருக்குட்டி"ன்னா. தோளைத் தடவிட்டு, "தோளும்"னா. நான் தலையாட்டினேன். "கலர் யாரு எடுத்தது?" என்னைக் காட்டினேன். "எனக்குப் பச்சைதான் இஷ்டம்"னா, சொல்லிட்டு, "ஆனா இது நல்லாருக்கு, அம்மாவுக்குப் பிடிக்கும்"னா. வாயிலிருந்து ஊசியை ஒவ்வொண்ணா எடுத்துப் பஞ்சுல குத்தினேன். இனி வாயில ஒண்ணும் இல்ல.

"பெலிசி, கழுத்துக்குள்ள நம்பரைப் போட்டுட்டேன்டி. தெரியாம, கைப்பழக்கத்துல."

கையைப் பின்னால கொண்டுபோய்த் தடவிப் பார்த்தா. விரல்ல தையல் தட்டுப்பட்டிருக்கும். கொஞ்ச நேரம் விரல் அங்கேயே இருந்தது.

"இருக்கட்டுமா?"ன்னு கேட்டேன். கேக்கும்போதே என் குரல் எனக்கு அசிங்கமா இருந்தது.

"பிரிச்சிரு."

கத்தி மேசை மேலதான் கிடந்தது, நான் எடுக்கல.

"இருக்கட்டும்னு சொல்லுவேன்னு நினைச்சியாக்கும்?"

"ஆமா."

"ஜெசி, அங்க போயி நான் முழுசா இருக்கணும்ட்டி. துவைக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து அழுதுட்டு இருந்தேம்னா, நான் போனதுக்கு அர்த்தமே இல்ல. இங்க இருந்து ஒண்ணையும் கொண்டு போகக்கூடாதுன்னு இருக்கேன். உன்னையும்தான்." கண்ணு கலங்கி இருந்தது, குரல் கலங்கல. "கோவப்படாத."

"கோவம் இல்ல"ன்னேன். கோவம்தான். கழட்டிக் குடுன்னு சொல்லியிருக்கலாம், மேசையில வச்சு ஒரு நிமிஷத்துல பிரிச்சிருக்கலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காருன்னேன். உட்கார்ந்து தலையைக் குனிஞ்சா. பின்னால நின்னு கழுத்தைத் திருப்பினேன். வெயிலே படாத பின்கழுத்து, பச்சைப்பிள்ளைக்கு இருக்கிற மாதிரி வெளுப்பா, அங்கங்க வேர்க்குரு. சலவைக்குத் தாங்கணும்னு ரெட்டை நூல்ல இறுக்கிப் போட்டு வச்சிருக்கேன், லேசுல வரமாட்டேங்குது. கத்தி நுனி அவ மேல பட்டுரக்கூடாதுன்னு நடுவுல என் விரலை வச்சுக்கிட்டேன். மூணு வந்துருச்சு. ஏழுல மேல்கோடு வந்துருச்சு. அவ மூச்சு விடும்போது கழுத்து ஏறி இறங்குறது விரல்ல தெரியுது. வெளியில சாப்பாட்டு மணி அடிச்சுட்டாங்க. கடைசி நூலையும் இழுத்தேன், வந்துருச்சு, துணியில ஊசி போன ஓட்டை மட்டும் வரிசையா இருக்கு, ஒரு தண்ணி பட்டா அதுவும் மூடிக்கும்.

"முடிஞ்சுதாட்டி?"ன்னு குனிஞ்சபடியே கேட்டா.

"இரு, இன்னும் கொஞ்சம் இருக்கு"ன்னேன்.

கையைப் பின்னால கொண்டுவந்து தடவிப் பார்த்தா. அங்க ஒண்ணும் இல்லேன்னு அவ விரலுக்குத் தெரிஞ்சிருக்கும். கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா, நிமிரல.

"மெதுவாப் பிரி"ன்னா.